கட்டில், மேசை, நாற்காலி

நண்பர்களே, வணக்கம்.

டச்சு பங்க் இசை, அதாவது நெதர்லாந்தின் முரட்டுக் கலக ராக் இசை பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் கட்டில், மேசை, நாற்காலியிலிருந்து தொடங்குகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1971இல் நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. காலியாகக் கிடக்கும் வீட்டில் ஒருவர் புகுந்து குடியேறிவிட்டால் அது அவர் வாழும் இல்லம். அவரைக் கேட்காமல் உள்ளே நுழைந்தால் அது இல்ல அமைதியைக் குலைப்பது. நுழைபவர் வீட்டுச் சொந்தக்காரராக இருந்தாலும் சரி. குடியேறியதற்கு என்ன சாட்சி? ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி. பூட்டை உடைத்ததும் இந்த மூன்றையும் உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள். இவர்களுக்கு அங்கே ‘கிராக்கர்’ என்று பெயர். உடைத்துத் திறப்பவர் என்று பொருள்.

ஆம்ஸ்டர்டாமில் வீடு கேட்டு ஆயிரக்கணக்கானோர் வரிசையில் காத்திருந்தார்கள். விலை ஏறட்டும் என்று கட்டடங்களைப் பூட்டி வைத்திருந்தவர்களும் அதே நகரத்தில் இருந்தார்கள். 1980 மார்ச்சில் வொண்டல் தெருவில் கிராக்கர்கள் எழுப்பிய தடுப்புகளை அகற்ற அரசு டாங்கிகளை அனுப்பியது. அதே ஆண்டு ஏப்ரல் 30, பேயாட்ரிக்ஸ் அரசி பதவியேற்ற நாள். ‘வீடு இல்லையென்றால் முடிசூட்டலும் இல்லை’ என்ற முழக்கத்தோடு நகரமே போர்க்களமாயிற்று.

இந்தக் கொந்தளிப்புக்கு நடுவே 1979இல் பிறந்த குழுதான் ‘தி எக்ஸ்’. ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே, ஸான் ஆற்றுப் பக்கம், வோர்மெர் என்ற ஆலை ஊர். போலீஸ் வருவதற்குள் சுவரில் எழுதி முடித்துவிடலாம் என்பதற்காகத்தான் இவ்வளவு சின்னப் பெயர். யார் எந்தக் கருவியை வாசிப்பது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள் என்பார்கள். நம் ஊரில் இதைத் திருவுளச் சீட்டு என்போம். கடவுளையும் அரசையும் ஒருசேர மறுத்த கூட்டத்துக்கு அந்தச் சொல் பொருந்துமா என்பது வேறு விஷயம். பாடுவது ஜி. டபிள்யூ. சோக்கின் பங்குக்கு வந்தது. கித்தார், டெர்ரி ஹெஸ்ஸல்ஸ்.

ஹார்ட்கோர் என்பது பங்கின் இன்னும் வேகமான, முரட்டு வடிவம். அந்தக் காலத்து டச்சு ஹார்ட்கோரில் வேறு வலுவான குழுக்களும் உண்டு. ஆமர்ஸ்போர்ட்டின் ‘லெர்ம்’ அசுர வேகத்தில் அரசியல் பேசியது. ஜெர்மன் மொழியில் அந்தப் பெயருக்கு இரைச்சல் என்றே பொருள். ஆம்ஸ்டர்டாமின் ‘பி.ஜி.கே.’, அதாவது ‘பல்தசார் கெரார்ட்ஸ் கொமாண்டோ’, 1584இல் டச்சுக்காரர்களின் தேசத் தந்தை வில்லியமைச் சுட்டுக் கொன்றவனின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டது. குறும்பு என்றால் இது குறும்பு. இருந்தும் நான் தி எக்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவர்களுடைய அரசியல் பாட்டு வரிகளோடு நின்றுவிடவில்லை. இசைத்தட்டைத் தயாரித்த விதத்திலும் அது இருந்தது.

1980இல் வந்த முதல் நெடுந்தட்டின் பெயர், ‘டிஸ்டர்பிங் டொமஸ்டிக் பீஸ்’. இல்ல அமைதியைக் குலைத்தல்! நான் முதலில் சொன்ன தீர்ப்பில் வருகிற சட்டச் சொல்லேதான். இசையைப் பற்றி உண்மையைச் சொன்னால், தொடக்க காலத் தட்டுகளில் பல எனக்குக் கத்தலாகவே படுகின்றன. கோபம் இருக்கிறது, பாட்டு இன்னும் வரவில்லை.

அந்தப் பாட்டு 1983இல் வந்தது. வோர்மெரில் வான் கெல்டர் காகித ஆலை மூடப்பட்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக ஊரே நம்பியிருந்த ஆலை. குழுவினர் அதைப் பற்றி ‘உழைப்பின் மாண்பு’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பெட்டி வெளியிட்டார்கள். அதற்குள் நான்கு சிறிய இசைத்தட்டுகள், ஆலையின் கதையைச் சொல்லும் ஒரு கையேடு. தட்டுகளின் எட்டுப் பக்கங்களில் எட்டுப் பாடல்கள். எட்டுக்கும் ஒரே தலைப்பு: உறிஞ்சியாயிற்று, எறிந்தாயிற்று. ஒன்று, இரண்டு என்று எட்டு வரை எண் மட்டும் மாறும். ஆலை வருகைப் பதிவேட்டில் ஆளுக்கு எண் போடுவதில்லையா, எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். உலகத்து முதலாளித்துவத்தைத் திட்டிப் பாட எந்த பங்க் குழுவாலும் முடியும். தன் தெருமுனையில் மூடிய ஓர் ஆலைக்கு எட்டுப் பாட்டு எழுதி, அதன் வரலாற்றையும் அச்சடித்துக் கொடுக்க அக்கறை வேண்டும்.

அடுத்த ஆண்டு காதரீனா போர்னஃபெல்ட் டிரம்ஸுக்கு வந்தார். தாளம் நடக்க, ஆட, மூச்சுவிடக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

1986, ஸ்பெயின் புரட்சியின் ஐம்பதாம் ஆண்டு. ஸ்பானிய அராஜகவாதத் தொழிற்சங்கமான சி.என்.டி.யின் ஆவணங்கள், சர்வாதிகாரி ஃபிராங்கோவின் கையில் சிக்காமல் தப்பி, கடைசியில் ஆம்ஸ்டர்டாமின் சமூக வரலாற்று நிறுவனத்தில் பாதுகாப்பாக இருந்தன. இவர்கள் அந்தச் சங்கத்தாரின் புகைப்படங்களைத் திரட்டி 144 பக்கப் புத்தகமாக்கி, இரண்டு சிறிய தட்டுகளை அதோடு சேர்த்தார்கள். பாடல்கள் நான்குதான், அவற்றில் இரண்டு அந்த உள்நாட்டுப் போர்க்காலத்து ஸ்பானியப் பாடல்கள். பாட்டு வாங்கப் போனவன் வரலாற்றுப் புத்தகத்தோடு வீடு திரும்பினான்.

தொண்ணூறுகளில் அமெரிக்க செல்லோ கலைஞர் டாம் கோராவோடு இரண்டு தட்டுகள். அவற்றைப் பற்றி மட்டும் தனியாக ஒரு மாலை பேசலாம், இன்று நேரமில்லை.

எத்தியோப்பியாவுக்கு வருகிறேன். அந்நாட்டின் பழைய இசைத்தட்டுகளில் மயங்கிய இவர்கள் 2002இல் அங்கே போய் வாசித்தார்கள். கெடாச்சௌ மெகுரியா என்ற சாக்ஸபோன் மேதை, போர்வீரர் முழங்கும் வீரப் பாட்டின் ஓசையைத் தன் கருவிக்குள் கொண்டுவந்தவர். தங்கள் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு அவரை ஆம்ஸ்டர்டாமுக்கு அழைத்தார்கள். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த பெரியவர் இவர்கள் வாசிப்பதைக் கேட்டார். அடுத்து நான் போடப்போகும் தட்டுக்கு நீங்களே பக்கவாத்தியம் வாசியுங்கள் என்று கேட்டுவிட்டார். 2006இல் ‘மோவா அன்பெஸ்ஸா’ வந்தது. அதில் மேடையின் நடுவிடம் அவருக்கு. இவர்கள் பின்னால் நின்றார்கள். ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்க இசையைத் தேடிப் போன கதைகளில் இப்படி இடம் மாறி நின்றவர்கள் குறைவு.

சோக் முப்பது ஆண்டுகள் பாடிவிட்டு 2009இல் விலகினார். ஆர்னால்ட் டி பூர் வந்தார், குழு தொடர்ந்தது. மறு ஆண்டே, 2010இல், நெதர்லாந்து காலி வீடுகளில் குடியேறுவதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டது. கட்டில், மேசை, நாற்காலிக்கு இருந்த மதிப்பு போயிற்று.

போதும், பேசிவிட்டேன். நண்பர் ஒருவர் அந்தக் காகித ஆலைப் பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறார். சின்னத் தட்டுகள், ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் எழுந்து போய்த் திருப்பியோ மாற்றியோ போட வேண்டும். முன்வரிசையில் இருப்பவர்கள் முறை வைத்துக்கொள்ளுங்கள்.