482 விசாவில் நான்கு ஆண்டுகள் இருந்தால் பி.ஆர். தானாகக் கிடைத்துவிடுமா?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு நேயர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “ஆஸ்திரேலியாவில் ஒரு நிறுவனம் எனக்கு 482 விசாவில் வெல்டர் வேலை தருகிறது. எனக்கு வயது 42. நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தால் பி.ஆர். தானாக வந்துவிடும் என்று ஏஜென்ட் சொல்கிறார். குடும்பத்தோடு கிளம்பலாமா?”

தானாக வராது என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 482 என்பது ஒரு நிறுவனத்தின் ஸ்பான்சரில், அதாவது அதன் பொறுப்பில், வேலைக்காகத் தரப்படும் தற்காலிக விசா. அது எத்தனை ஆண்டுகள் நீண்டாலும் தற்காலிக விசாதான். பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குரிய கட்டணமும் தகுதிகளும் வேறு. அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்படவும் கூடும்.

482 விசாவைப் பொதுவாக நான்கு ஆண்டுகள் வரை தருகிறார்கள். 2024 டிசம்பர் 7 முதல் அதன் பெயர் மாறியிருக்கிறதே தவிர, எண் மாறவில்லை. அதில் இருப்பவர் நிரந்தர வசிப்புரிமைக்குப் போகப் பலரும் நாடும் வழி 186 என்ற நிரந்தர விசா. அங்கீகாரம் பெற்ற ஸ்பான்சரிடம் அதே தொழிலில் குறைந்தது 2 ஆண்டுகள் முழுநேரமாக வேலை பார்த்திருக்க வேண்டும். நிறுவனம் அந்த விசாவுக்கு உங்களை முன்மொழிய வேண்டும். ஆங்கிலத் தேர்வில் உரிய மதிப்பெண் வேண்டும். சில விதிவிலக்குகளைத் தவிர, விண்ணப்பிக்கும் நாளில் வயது 45 நிரம்பியிருக்கக் கூடாது. உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரும் கவலையாக இருப்பது இந்தக் கடைசி நிபந்தனைதான். 42 வயதில் போய், 2 ஆண்டுகள் முடித்தால் உங்களுக்கு 44 ஆகியிருக்கும். அப்போது விண்ணப்பிக்க மிகக் குறுகிய அவகாசமே மிஞ்சும். ஏஜென்ட் சொன்னபடி நான்கு ஆண்டுகள் காத்திருந்தால் 46 வயதாகி, அந்த வாசல் உங்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். ஆகவே 2 ஆண்டுகள் முடிந்ததும் உங்களை முன்மொழிவார்களா என்று அந்த நிறுவனத்திடம் இப்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். முன்மொழிய வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தற்காலிக விசாவில் நீங்கள் அந்த நாட்டில் இருப்பதற்கான ஆதாரமே அந்த வேலைதான். வேலை போய்விட்டால், 2024 ஜூலை 1 முதல் உள்ள விதிப்படி, ஒரே முறையில் 180 நாட்களுக்குள், விசாக் காலம் முழுவதிலும் சேர்த்து 365 நாட்களுக்குள், புதிய ஸ்பான்சரையோ வேறு விசாவையோ தேடிக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் புறப்பட வேண்டும். முன்பு இந்த அவகாசம் 60 நாட்களாக இருந்ததை நினைத்தால் இது நல்ல மாற்றம். ஆனாலும் பள்ளி போகும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு புது ஊரில் ஆறு மாதம் வேலை தேடுவது எளிதல்ல. இந்தியாவிலிருந்து 482 விசாவில் செல்பவர்களுக்கு அரசின் மெடிகேர் மருத்துவ வசதியும் கிடையாது. தனியார் காப்பீடு எடுத்தாக வேண்டும். சில மாநிலங்களில் அரசுப் பள்ளியில்கூடத் தற்காலிக விசா வைத்திருப்போரின் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். சம்பளத்தை ரூபாயில் கணக்குப் போட்டு மகிழும் முன் இந்தச் செலவுகளைக் கழித்துப் பாருங்கள்.

தற்காலிக விசா வழியாகப் போகாமலே நேரடியாக நிரந்தர விசா பெறும் வழியும் உண்டு. 189, 190 என்ற விசாக்கள் வயது, கல்வி, ஆங்கிலம் போன்றவற்றுக்கான புள்ளிகள் அடிப்படையில் தரப்படுகின்றன. அங்கும் விண்ணப்பிக்கச் சொல்லும் அரசின் அழைப்பு 45 வயதுக்குள் வந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் 65 புள்ளிகள் தேவை. போட்டி காரணமாக நடைமுறையில் அதைவிட அதிகப் புள்ளிகள் தேவைப்படலாம். 25 முதல் 32 வயதுள்ளவருக்கு வயதுக்கு மட்டும் 30 புள்ளிகள் கிடைக்கும்போது, 40 முதல் 44 வயதுள்ளவருக்கு 15 புள்ளிகள்தான். தற்காலிக விசா, நேரடி நிரந்தர விசா என்ற இந்த இரு வழிகளுக்கும் இடையில் 491 என்ற விசா இருக்கிறது. அது 5 ஆண்டுகளுக்கான தற்காலிக விசா. பெருநகரங்களுக்கு வெளியே, குறிப்பிட்ட பிராந்தியங்களில் வாழ்ந்து வேலை பார்க்க வேண்டும். 3 ஆண்டுகள் விதிகளின்படி இருந்தவர்கள் 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

நிரந்தர விசா கையில் வந்தால் எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்கலாம், மெடிகேர் கிடைக்கும், அதன் பிறகு அங்கே பிறக்கும் குழந்தை பிறப்பிலேயே ஆஸ்திரேலியக் குடிமகனாகிவிடும். ஆனால் அது குடியுரிமை அல்ல, வாக்குரிமை வராது. அங்கேயே வாழும் உரிமைக்குக் காலவரம்பு இல்லை என்றாலும், வெளிநாடு போய்த் திரும்பும் அனுமதி 5 ஆண்டுகளுக்குத்தான். அது முடிந்தது தெரியாமல் ஊருக்கு வந்து, திரும்ப முடியாமல் நிற்பவர்கள் உண்டு. அந்தத் தேதிக்குப் பின் பயணம் செய்ய நினைத்தால், புறப்படும் முன்பே 155 என்ற திரும்பும் விசாவை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த ஏஜென்டிடம் ஆஸ்திரேலியக் குடிவரவு முகவருக்கான பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அரசு இணையதளத்தில் உள்ள பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பணம் கொடுப்பதைப் பற்றி முடிவெடுங்கள்.