காட்டுவழிச் சைக்கிள் பயணத்தில் தம்பதியரைக் கரைசேர்ப்பது இணக்கமே

நடுவர் அவர்களே, எதிரணியில் வாதிட்டு அமர்ந்திருக்கும் நண்பர்களே, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், நிலாவெளி என்று பல ஊர்களிலிருந்தும் வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் எனது பணிவான வணக்கம்.

"ஆளரவமற்ற பெருவழிகளில் நெடுந்தூரம் சைக்கிளில் செல்லும் கணவன் மனைவியைக் கரைசேர்ப்பது முன்னேற்பாடா, இணக்கமா?" என்பது இன்றைய தலைப்பு. இணக்கமே என்று வாதிட நான் வந்திருக்கிறேன். எனக்கு முன்னர் பேசிய எதிரணித் தலைவர், மாற்று ரியூப், சங்கிலி கழற்றும் கருவி, நீர் வடிகட்டி, செய்மதித் தொடர்புக் கருவி என்று நீண்டதொரு பட்டியலை வாசித்துவிட்டு, "மனம் ஒத்துப்போனால் ரியூப்பில் விழுந்த ஓட்டை அடைபட்டுவிடுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அடைபடாது என்பதே எனது பதில். ஒட்டுத் துண்டும் பசையும் காற்றடிக்கும் பம்பும் இல்லாமல் காட்டு வழியில் இறங்குபவர்களுக்காக வாதாட நான் வரவில்லை. ஆனால், அந்த ஓட்டையை அடைத்த பிறகு இன்னும் எவ்வளவு தூரம் போவது, எங்கே தங்குவது, எந்த நிலையில் திரும்பிவிடுவது என்ற கேள்விகளுக்குப் பையில் இருக்கும் எந்தக் கருவியும் விடை தருவதில்லை. ஆபத்து நுழைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

நிலாவெளி வீதியில் சைக்கிள் உழக்குகிறவருக்குத் தாகம் எடுத்தால் அடுத்த கடை வெகுதூரத்தில் இல்லை. அலாஸ்காவின் டால்ட்டன் பெருவீதி அப்படிப்பட்டதன்று. ஏறத்தாழ 666 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த வீதியில், கோல்ட்ஃபுட் என்ற சிற்றூரைத் தாண்டினால் வட முனையில் இருக்கும் டெட்ஹோர்ஸ் வரை சுமார் 386 கிலோமீற்றருக்குக் கடையும் இல்லை, எரிபொருள் நிலையமும் இல்லை. இடையில் அட்டிகன் கணவாயின் ஏற்றத்தையும் கடந்தாக வேண்டும். அந்தத் தூரத்துக்கான உணவு முழுவதையும் கரியரில் கட்டிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். எதிரணி நண்பர்கள் பெரிதும் மதிக்கும் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 80 கிலோமீற்றர் உழக்கினால் ஐந்து நாட்களில் போய்ச் சேரலாம். 55 கிலோமீற்றர்தான் முடியும் என்றால் ஏழு நாட்கள் ஆகிவிடும். இருவரில் ஒருவர் 80 கிலோமீற்றர் போகக்கூடியவர், மற்றவர் 55 கிலோமீற்றர் போகக்கூடியவர் என்றால், யாருடைய வேகத்தை வைத்து அரிசியும் பருப்பும் கட்டுவது?

மெதுவாகச் செல்பவரின் வேகத்தை வைத்துத்தான் என்று எதிரணியினர் உடனே சொல்வார்கள். சரியான விடைதான். ஆனால் அந்த 55 என்ற எண்ணைப் பட்டியலில் எழுதுவதற்கு, "என்னால் இவ்வளவுதான் முடியும்" என்று ஒருவர் வாய்திறந்து சொல்ல வேண்டும். அதைக் கேட்ட மற்றவர் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். துணைவருக்கு முன்னால் தாழ்ந்துபோவோமோ என்ற கூச்சத்தில் ஒருவர் 80 என்று சொல்லிவிட்டால், எவ்வளவு சிறந்த பட்டியலாக இருந்தாலும் இரண்டு நாள் பட்டினியைத் தடுக்க அதனால் இயலாது. முன்னேற்பாடு என்று நீங்கள் போற்றுகிற அந்தக் கணக்கே இணக்கத்தின் மேல்தான் நிற்கிறது, நடுவர் அவர்களே.

கூடாரத்தையும் தண்ணீரையும் சமையல் அடுப்பையும் வலுவுள்ளவரின் சைக்கிளில் ஏற்றி, மற்றவரின் பாரத்தைக் குறைப்பது இத்தகைய பயணம் செய்யும் தம்பதியரின் வழக்கம். அப்படிச் செய்தால் இருவரின் வேகமும் நெருங்கி வரும். எதிர்காற்றிலும் இதே முறைதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கந்தளாய்ப் பக்கம் சைக்கிள் உழக்கியவர்களுக்கு அந்தக் காற்றின் முரட்டுத்தனம் தெரியும். தென்னமெரிக்காவின் பத்தகோனியாச் சமவெளியில் வீசும் மேல்காற்றோ, பாரம் ஏற்றிய சைக்கிளை வீதியோரத்துக்கே தள்ளிவிடக் கூடியது. அங்கே ஒருவர் முன்னே சென்று காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவர் அவர் பின்சக்கரத்தை ஒட்டி வந்தால், பின்னால் வருபவரின் உழைப்பு வெகுவாகக் குறையும். ஆனால் முன்னால் செல்பவர் அடிக்கடி திரும்பிப் பார்த்து, இடைவெளி விழுந்தவுடன் வேகத்தைக் குறைத்தால் மட்டுமே அது நடக்கும். அவர் தம் வலுவைக் காட்ட விரும்பினால் பின்னால் வருபவர் தனியாகவே காற்றோடு போராடுவார்.

இனி உயரத்துக்கு வருவோம். நமது நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2,524 மீற்றர். தஜிகிஸ்தானின் பாமிர் பெருவீதியிலுள்ள அக்-பைத்தால் கணவாய் 4,655 மீற்றர். 3,000 மீற்றரைத் தாண்டிய பிறகு, உறங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பதும் மருத்துவர்களின் அறிவுரை. உயர நோய் உடல் வலுவைப் பார்த்து வருவதில்லை. பலசாலியான கணவர் தலைவலியிலும் குமட்டலிலும் துவண்டு கிடக்க, மெலிந்த மனைவி நலமாக இருப்பதும் உண்டு. அந்த நிலையில், "எனக்குத் தலை வலிக்கிறது, இன்று மேலே ஏற வேண்டாம்" என்று அவர் சொன்னால் பிழைப்பார். சொல்லாமல் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

குளிரிலும் இதைக் காணலாம். நனைந்த உடையோடு மலையிறக்கத்தில் வேகமாக வருகிறவருடைய உடல் வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் பேச்சு குழறும், விரல்கள் சொல்வழி கேட்காது, தீர்மானிக்கும் திறனும் மங்கத் தொடங்கும். தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் மனமார நம்புவார். அவருடைய நிலையை அறியக்கூடிய ஒரே கருவி அவர் அருகில் இருப்பவரின் கண்தான். "நீ நடுங்குகிறாய், நிறுத்து" என்று துணைவர் சொன்னதும் மறுபேச்சின்றி நிறுத்தும் பழக்கம், அந்த மலையிறக்கத்துக்கு வெகு முன்னரே இருவருக்கும் இடையில் வந்திருக்க வேண்டும்.

தூர தேசங்களைப் பற்றியே பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கந்தளாயில் ஒரு தேநீர்க் கடை வாசலில் நான் கண்டதைச் சொல்கிறேன். பாரம் கட்டிய இரண்டு சைக்கிள்களோடு ஒரு வெளிநாட்டுத் தம்பதியர், நடுத்தர வயதைத் தாண்டியவர்கள், அங்கே நின்றிருந்தார்கள். மனைவி ரியூப்பைக் கழற்றி, கடைக்காரர் கொடுத்த வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்த்திக் காற்றுக் குமிழி வருமிடத்தைத் தேடினார். கணவர் டயரின் உட்புறத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, குறட்டால் ஓர் உடைமுள்ளைப் பிடுங்கி எடுத்தார். அவர் அதைத் தேடி எடுத்திராவிட்டால் ஒட்டுப் போட்ட ரியூப்பை அதே முள் மறுபடியும் குத்தியிருக்கும். வேலை முடிந்தபோது மாலை நான்கு மணி. ஹபரணைக்கு இன்னும் 40 கிலோமீற்றருக்கு மேல் இருந்தது. இருட்டத் தொடங்கினால் அந்த வீதியில் யானை இறங்கும் என்று கடைக்காரர் கையால் காட்டி விளக்கினார். கணவருக்குப் போய்விட வேண்டும் என்ற ஆசை. வெளிச்சம் போதும் என்று வாதாடினார். மனைவி சூரியனை ஒருமுறை பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையை அசைத்தார். சற்று நேரம் கணவரின் முகம் இறுகியிருந்தது. பிறகு தண்ணீர்ப் போத்தலைச் சைக்கிளிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து மனைவியின் அருகில் அமர்ந்தார். அன்றிரவு அவர்கள் கந்தளாயிலேயே தங்கினார்கள். ஒட்டுப் போடும் திறமை இருவருக்கும் இருந்தது என்பதை எதிரணிக்கு மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் யானைக்கு முன்னால் போய் நிற்காமல் அவர்களைக் காத்தது அந்தத் திறமையா?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், ஓயாமல் சண்டை போட்டபடியே கண்டங்களைக் கடந்த தம்பதியர் உண்டு என்றார். இருக்கலாம். இணக்கம் என்றால் சண்டையே இல்லாத நிலை என்று நாங்கள் சொல்லவில்லை. கந்தளாயில் நான் கண்டவர்களும் வாதாடிக்கொண்டவர்கள்தான். வாதம் முடிந்த பின் ஒருவர் மற்றவரின் அச்சத்துக்கு மதிப்புக் கொடுத்தாரா என்பதே எங்கள் கேள்வி.

வரலாற்றில் இதற்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்கத் தம்பதியரான ஃபேனி புல்லக் வேர்க்மனும் வில்லியம் ஹன்டர் வேர்க்மனும் 1897ஆம் ஆண்டு தொடங்கி இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா ஆகிய இடங்களில் நீண்ட சைக்கிள் பயணம் செய்தார்கள். அப்போது மனைவிக்கு 38 வயது, கணவருக்கு 50 வயது. தேயிலை, சீனி, பிஸ்கட், தகரத்தில் அடைத்த இறைச்சி, ஆளுக்கொரு போர்வை, மருந்து, பழுதுபார்க்கும் கருவிகள் என்று அவர்கள் எடுத்துச் சென்றவை மிகக் குறைவு. ஒரே நாளில் 40 தடவை வரை டயரில் ஓட்டை விழுந்ததுண்டு. எதிரணியின் பட்டியலோடு ஒப்பிட்டால் வெறுங்கையோடு போனார்கள் என்றே சொல்லலாம். பின்னர் இமயமலைப் பயணங்களுக்குத் திரும்பியபோது, ஓராண்டு ஒருவர் பயண ஏற்பாடுகளைத் தலைமையேற்று நடத்த, மற்றவர் அளவீடு முதலிய ஆய்வுப் பணிகளைப் பார்ப்பதும், அடுத்த முறை பொறுப்புகளை மாற்றிக்கொள்வதுமாக அவர்கள் வழக்கம் வைத்திருந்தார்கள். பெண்களுக்கு அமெரிக்கா முழுவதும் வாக்குரிமை கிடைத்திராத காலம் அது. தமது சுமைகாரர்களிடம் அவர்கள் நடந்துகொண்ட விதம் பாராட்டத்தக்கதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் தமக்குள் தலைமையை மாற்றிக்கொண்ட அந்த முறை, எந்தப் பையிலும் வைத்துக் கட்ட முடியாத செல்வம்.

கடைசியாக, எதிரணியினர் தங்களது பெரும் ஆயுதமாகக் காட்டிய செய்மதித் தொடர்புக் கருவி. கைத்தொலைபேசி எட்டாத இடத்திலிருந்தும் அவசரப் பொத்தானை அழுத்தி உதவி கோர அது உதவுகிறது. எத்தனையோ உயிர்களைக் காக்கக்கூடிய கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது தானாக அழுந்துவதில்லை. "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று ஒருவரும், "இப்போதே அழுத்துவோம்" என்று மற்றவரும் சொல்லும் நேரம் வரும். அந்த நேரத்தில், இருவரில் எவர் கேட்டாலும் அழுத்திவிடுவது என்று புறப்படுமுன்னரே பேசி ஒப்புக்கொண்ட தம்பதியருக்குத்தான் அந்தக் கருவி கருவியாக இருக்கும். எதிரணித் தலைவர் வாசித்த பட்டியலில் அந்தப் பேச்சுக்கு ஒரு வரிகூட இருக்கவில்லை. அந்த வெற்றிடத்தைக் கருத்திற்கொண்டு எங்கள் அணியின் பக்கம் தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.