நீலக் கேக் சாப்பிட்டா மலம் ஏன் பச்சையா போகுது?

வணக்கம். ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "நாலு வயசுப் பையன் அடர் நீல ஐசிங் போட்ட கேக் சாப்பிட்டான். மறுநாள் பச்சையா மலம் போனான். சாயம் உடம்புல தங்கிடுச்சா?" நல்ல கேள்வி. இப்படிப் பார்த்துட்டுப் பயப்படாத பெற்றோரே இருக்க மாட்டாங்க.

தங்கலைங்கிறதுக்கு அந்தப் பச்சைதான் சாட்சி. ஐசிங்ல போடுற பிரில்லியன்ட் புளூங்கிற நீல உணவுச் சாயம் குடல்ல ரொம்பக் கொஞ்சம்தான் உறிஞ்சப்படும். மிச்சமெல்லாம் வந்த வழியே வெளிய போயிடும். போற வழியில பித்தத்தோட மஞ்சள் கலக்குது. நீலமும் மஞ்சளும் சேர்ந்தா பச்சை, அவ்வளவுதான். ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாகும். நீலமே சாப்பிடாம பச்சை தொடர்ந்தாலோ, கறுப்பா, ரத்தமா போனாலோ அது வேற கதை, டாக்டர்கிட்ட போயிடுங்க.

ஆனா நான் எதிர்பார்த்த கேள்வி இது இல்ல. "அந்த ஐசிங்ல எத்தனை மில்லிகிராம் சாயம் இருந்துது?"ன்னு யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க. கேட்டா "பத்துத் துளி விட்டேன்"னு பதில் வரும். சாய வீடியோக்களைத் தொடர்ந்து பாக்குறவங்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும்: துளி ஒரு அளவு இல்ல. ஒரு பாட்டில்ல தண்ணியா இருக்கும், இன்னொண்ணுல பத்து மடங்கு கெட்டியா இருக்கும். துளி என்னவோ ஒரே மாதிரிதான் விழும்.

கணக்கு பாப்போம். உணவுச் சேர்க்கைகளை ஆராயுற சர்வதேச நிபுணர் குழு 1969-ல ஒரு கிலோ உடல் எடைக்கு தினம் 12.5 மில்லிகிராம் வரைக்கும் சரின்னு சொல்லியிருந்துது. 2017-ல அதை 6 ஆக்கினாங்க. ஐரோப்பா 2010-லயே 6-க்கு வந்துடுச்சு. 15 கிலோ குழந்தைக்கு 90 மில்லிகிராம். இது வாழ்நாள் முழுக்க தினமும் சாப்பிட்டாலும் பரவாயில்லைங்கிற அளவு. ஒருநாள் தாண்டினா விஷம்னு அர்த்தம் இல்ல. இப்ப ஐசிங்குக்கு வாங்க. ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் சாயம் இருந்தா, பையன் சாப்பிட்ட 30 கிராம்ல 3 மில்லிகிராம். பத்து மடங்கு கூடுதலா போட்டிருந்தாலும் 30. அப்பவும் 90-க்குக் கீழதான், நாக்குதான் நீலமாகும்.

அளந்து போடணும்னா இப்படிச் செய்யுங்க. அரை கிராம் சாயப் பொடியைக் கொதிச்சு ஆறின தண்ணி கொஞ்சத்துல கரைச்சு, மொத்தம் 50 மில்லி ஆக்குங்க. ஒரு மில்லில 10 மில்லிகிராம் பொடி. ஊசி இல்லாத சிரிஞ்சால ஒரு மில்லி எடுத்து ஒரு கிலோ ஐசிங்ல விட்டா 10 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 10 மில்லிகிராம். சமையல் தராசு ஒரு கிராமுக்குக் கீழ காட்டாது, 0.01 கிராம் காட்டுறது வேணும். கரைசலை ஃபிரிட்ஜ்ல வைங்க, ஒரு வாரத்துல கொட்டிடுங்க, பூஞ்சை வரும். இன்னொண்ணு, ஐசிங் வெச்சிருக்க வெச்சிருக்க நிறம் ஏறும். அது தெரியாம உடனே அடர்த்தி வரலைன்னு மேல மேல ஊத்துறதுதான் வழக்கமான தப்பு. ரெண்டு மணி நேரம் பொறுங்க. வெண்ணெயோட மஞ்சளால பச்சை தட்டினா நீலத்தைக் கூட்டாதீங்க, ஊதா ஒரு பொட்டு போதும். சாக்லேட்ல இந்தத் தண்ணிக் கரைசலை விடவே கூடாது, கட்டி தட்டிடும். அதுக்கு அலுமினியத்தோட சேர்ந்த "லேக்" பொடி இருக்கு. அது கரையாது, எண்ணெய்ல பரவி நிக்கும். அதுல சாயத்தோட விகிதம் குறைவு, டப்பாவுல சதவீதம் பாத்துக் கணக்கு போடுங்க.

டப்பாவுல சாயத்தோட நம்பரையும் பாருங்க, 133. ஐரோப்பால இ 133, அமெரிக்கால புளூ நம்பர் 1. பக்கத்துல இருக்குற 132 இண்டிகோ கார்மைன், அதுவும் உணவுச் சாயம்தான், ஆனா வெளிச்சத்துல சீக்கிரம் வெளுக்கும். லேப்ல புரதம் பாக்குற கூமாசி பிரில்லியன்ட் புளூவுக்குப் பேர் ஒத்துப் போனாலும் அது வேற சாயம், அதை உணவுல போடக் கூடாது. அமெரிக்கால ஒவ்வொரு தொகுதியையும் அரசு சோதிச்சுச் சான்று கொடுத்தாதான் விக்கலாம், ஆனா உணவுல இத்தனை மில்லிகிராம்தான்னு எண் கிடையாது, தேவையான அளவுன்னு மட்டும் இருக்கு. ஐரோப்பால உணவு வகைக்கு வகை உச்சவரம்பு எண்ணாவே இருக்கு. எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், ஏன்னு தெரியுமே, துளி ஒரு அளவு இல்ல.

குடல் ரொம்ப உறிஞ்சாதுன்னு சொன்னேன் இல்லையா, அதுக்கு ஒரு விலக்கு உண்டு. ஆஸ்பத்திரில குழாய் வழியா கொடுக்குற உணவு நுரையீரலுக்குப் போகுதான்னு கண்டுபிடிக்க இதே நீலத்தைக் கலந்தாங்க. கடுமையான தொற்றுல இருந்த நோயாளிகளுக்குக் குடல் சுவரே ஒழுகுற நிலை. சாயம் ரத்தத்துக்குப் போச்சு, தோலும் சிறுநீரும் நீலமாச்சு, சிலர் இறந்தாங்க. சாயம்தான் காரணம்னு உறுதியாகலை, ஆனாலும் 2003-ல அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டுது. அதனால வீட்டுல குழாய் உணவு கொடுக்குறவங்க நிறத்துக்காக ஒரு துளிகூட அதுல விடாதீங்க.