புள்ளிப் பூனை வாங்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். கால்நடை மருத்துவரான என்னிடம் இப்போதெல்லாம் பலர் கேட்பது இது: "டாக்டர், சிறுத்தை மாதிரிப் புள்ளி போட்ட பூனை வாங்கலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?" கைப்பேசியில் காட்டும் படம் பெரும்பாலும் பெங்கால் பூனையாகத்தான் இருக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பகலில் உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள்?

எல்லாப் பூனைக்கும் புள்ளி ஒரே வழியில் வரவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், வீட்டுக்குள் எதைக் கூட்டி வருகிறோம் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

பெங்காலின் புள்ளி காட்டிலிருந்து வந்தது. ஆசியக் காடுகளில், நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும்கூட, சிறுத்தைப்பூனை என்ற விலங்கு வாழ்கிறது. அதை வீட்டுப் பூனையோடு கலந்து இந்த இனத்தை வளர்த்தெடுத்தவர் அமெரிக்காவின் ஜீன் மில். 1960களில் தொடங்கிய முயற்சியை 1980களில் முழுமூச்சாகச் செய்தார். கலப்பில் பிறந்த முதல் தலைமுறைக் கடுவன்கள் மலடாக இருந்ததால், வேறு நல்ல கடுவன்கள் தேவைப்பட்டன. 1982இல் டெல்லி உயிரியல் பூங்காவுக்கு வந்தவர், காண்டாமிருகம் இருந்த அடைப்புக்குள் திரிந்த ஒரு புள்ளித் தெருப்பூனையைக் கண்டார். அது அமெரிக்கா போய் 'டோரி ஆஃப் டெல்லி' ஆயிற்று. இன்று பல பெங்கால்களின் ரோமத்தில் பொன்துகள் தூவியது போல் ஒரு மினுமினுப்பு இருக்கிறதே, அது டோரி தந்த சொத்து என்கிறார்கள் வளர்ப்பாளர்கள். டெல்லித் தெருப்பூனையின் வாரிசுகளை நாம் யானை விலை குதிரை விலை கொடுத்து வாங்குகிறோம்!

காட்டு மூதாதையிலிருந்து நான்கு தலைமுறையாவது தள்ளிப் பிறந்த குட்டிகளையே வீட்டுக்கு ஏற்றவை என்கிறார்கள். அதற்கு முந்தியவற்றின் பக்கமே குடும்பங்கள் போக வேண்டாம். அப்படித் தள்ளிப் பிறந்த குட்டி முரடு இல்லையே தவிர, அதற்குச் சும்மா இருக்கத் தெரியாது. குழாயில் சொட்டும் தண்ணீரை முன்னங்காலால் தட்டித் தட்டி விளையாடும். வாளிக்குள் காலை விட்டுத் துழாவும். கைப்பிடியில் தொங்கிக் கதவைத் திறக்கும். கொலு வைக்கும் வீடென்றால் மேல்படி வரை ஒருமுறை ஏறிப் பார்க்காமல் விடாது. இப்படிப்பட்டதைக் காலை முதல் மாலை வரை பூட்டிய அடுக்குமாடி வீட்டில் தனியே விட்டால் ஓயாமல் கத்தும். மெத்தையில் சிறுநீர் கழிக்கும். பிறகு, "யாராவது எடுத்துக்கொள்வார்களா டாக்டர்?" என்ற கேள்வியும் என்னிடம்தான் வருகிறது.

ஒசிகேட் வேறு கதை. 1964இல் மிச்சிகனில் வர்ஜினியா டேலி என்பவர் அபிசீனியன் பூனையையும் சயாமியையும் கலந்தார். அவர் தேடியது புள்ளியே அல்ல; சயாமியின் முகத்திலும் காலிலும் வாலிலும் அபிசீனியன் நிறம் வர வேண்டும் என்பதுதான். முதல் ஈற்றுக் குட்டிகள் அபிசீனியன் போலவே இருந்தன. அவற்றுள் ஒரு பெட்டையை மீண்டும் ஒரு சயாமியோடு சேர்த்தபோது, தந்த நிற உடலில் பொன்னிறப் புள்ளிகளோடு டோங்கா என்ற குட்டி பிறந்தது. அபிசீனியன் ரோமத்தின் நிறத்தை அமைக்கும் மரபணு, அடியில் இருக்கும் புள்ளியை மறைத்துவிடும். அது இல்லாத குட்டியில் புள்ளி வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். ஓசிலாட் என்ற அமெரிக்கக் காட்டுப்பூனையை நினைவூட்டியதால் டேலியின் மகள் ஒசிகேட் என்று பெயர் வைத்தாள். வேடிக்கை என்னவென்றால், டோங்காவின் அருமை தெரியாமல் கருத்தடை செய்து சாதாரண வளர்ப்புப் பூனையாகக் கொடுத்துவிட்டார்கள்!

ஒசிகேட்டில் காட்டு இரத்தம் துளியும் இல்லை. சயாமி வழி வந்ததால் பேச்சுத்துணை கேட்கும். நெடுநேரத் தனிமை அதற்கும் ஆகாது. ஆனால் விருந்தாளி மடியிலும் கூச்சமின்றி ஏறும். நாய் இருக்கும் வீட்டிலும் பழகிக்கொள்ளும். குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். எகிப்திய மாவு (Mau) என்ற பூனை இனத்துக்குப் புள்ளி இயற்கையிலேயே உண்டு. வீட்டாரிடம் ஒட்டிக்கொள்ளும், அந்நியரைக் கண்டால் ஒதுங்கும். செர்வல் என்ற ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் கலப்பான சவானாவோ வேண்டவே வேண்டாம். ஆஸ்திரேலியா 2008இலேயே அதன் இறக்குமதியைத் தடை செய்துவிட்டது.

நம் ஊரில் ஒசிகேட்டும் எகிப்திய மாவும் கிடைப்பது அரிது. இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் வம்சாவளிச் சான்றிதழைக் கேளுங்கள். எந்த இனமானாலும் தாய் தந்தை இரண்டின் பரிசோதனை அறிக்கைகளையும் கேளுங்கள். பெங்காலில் இதயத் தசை தடிக்கும் நோய் வருவதுண்டு. அதற்கு எக்கோ ஸ்கேன் வேண்டும். இரத்தச்சோகை தரும் பைருவேட் கைனேஸ் குறைபாடு பெங்கால், ஒசிகேட், எகிப்திய மாவு ஆகிய மூன்று இனங்களிலும் உண்டு. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து, மரபணுச் சோதனையில் கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொன்று. பெங்கால் குட்டிகளுக்குச் சில வார வயதில் சாம்பல் நிறத்தில் நீண்ட ரோமம் முளைத்து, புள்ளியை மங்கலாக்கிவிடும். மூன்று மாதத்தை ஒட்டித்தான் அது உதிர்ந்து புள்ளி மீண்டும் தெளியும். அதற்குள் "இப்போதே எடுத்துப் போங்கள்" என்று விற்பவர் அவசரப்படுத்தினால் சம்மதிக்காதீர்கள். பன்னிரண்டு வாரம் வரை குட்டி தாயிடம் இருப்பதே நல்லது. முதல் தடுப்பூசிகளும் அதற்குள் போட்டிருப்பார்கள். தடுப்பூசி அட்டையைக் கையில் வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள். வணக்கம்.