தைலம் தடவிய தொடையில் பட்டை ஒட்டாது

ஒலி 96.8 நேயர்களுக்கு வணக்கம். நான் இயன்முறைச் சிகிச்சையாளர். தசையை மின்சாரத்தால் இயக்கும் கைக்கருவியைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள்.

சென்ற மாதம் தோ பாயோவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர். முழங்கால் மூட்டு மாற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வலத் தொடை மெலிந்து, கால்சட்டை அந்தப் பக்கம் மட்டும் தொளதொளவென்று தொங்கியது. மகன் இணையத்தில் வாங்கித் தந்த கருவி மேசைமேல் இருந்தது. “எறும்பு கடிப்பதுபோலச் சுரீரென்கிறதே தவிர, சதை அசையவே இல்லையம்மா” என்றார். அசையவில்லையே என்று அளவை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்.

குனிந்து பார்த்தேன். கோடாலித் தைலம் கமகமத்தது. ஒட்டுப்பட்டையின் ஒரு மூலை தோலைவிட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது. கோளாறு அங்கேதான். எண்ணெய்ப் பசையில் பட்டை பாதிதான் ஒட்டும். முழுப் பட்டையில் பரவ வேண்டிய மின்சாரம் அந்தப் பாதிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கும். தோல் எரியும், சில வேளை புண்ணாகவும் ஆகும். அடியிலுள்ள தசையோ சும்மா கிடக்கும்.

தொடையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வரச் சொன்னேன். ஒரு பட்டை தொடையின் மேற்பகுதியில், சற்று வெளிப்பக்கமாக. மற்றொன்று முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே, உள்பக்கம் புடைத்திருக்கும் சதைமேல். நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைச் சுவரில் ஊன்றிக்கொண்டார். சுழியத்திலிருந்து மெல்ல ஏற்றினோம். முன்பு வைத்திருந்த அளவில் பாதிகூட வரவில்லை, தொடை கயிறாக முறுக்கிக்கொண்டது, சில்லு மேலே இழுபட்டது. “அட!” என்றார்.

ஆனால், கருவி இழுக்கும் நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பதில் பயன் குறைவு. அது இழுக்கும்போது நீங்களும் சேர்ந்து காலை இறுக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தொடைத்தசை தூங்கிப்போகிறது; மூளை அனுப்பும் கட்டளை முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. அந்தப் பாதையைத் திரும்பத் திறக்கத்தான் இந்தத் தூண்டல்.

இடைவேளையைப் பலர் மதிப்பதில்லை. நாமாகத் தசையை இறுக்கும்போது இழைகள் முறைவைத்து வேலை செய்கின்றன. கருவிக்கு அந்த நாசூக்கு கிடையாது. பட்டைக்கு அருகில் உள்ளவற்றையே ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப விரட்டும். அதனால் தசை வெகு சீக்கிரம் களைக்கும். நொடிக்கு 50 துடிப்பு, 10 நொடி இழுப்பு, 50 நொடி ஓய்வு, இப்படிப் பத்து முறை. தொடை வலுவுக்கு நாங்கள் வழக்கமாகத் தொடங்குவது இதில்தான். வலியைத் தணிக்கும் டென்ஸ் (TENS) என்ற மின்தூண்டல் வேறு. சில பெட்டிகளில் இரண்டும் இருக்கும். டென்ஸ் பொத்தானை அழுத்திவிட்டுத் தசை வளரவில்லை என்று வருந்துகிறவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

யார் தொடக்கூடாது? இதயமுடுக்கி பொருத்தியவர்களும், காலில் இரத்தக்கட்டி உள்ளவர்களும் கிட்டவே போகவேண்டாம். கர்ப்பிணிகள், வலிப்பு நோயாளிகள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். கழுத்தின் முன்பக்கத்திலும் நெஞ்சிலும் யாருமே பட்டை ஒட்டக்கூடாது. நம்மவர்களிடம் நீரிழிவு அதிகம் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன்: பாதமும் கெண்டைக்காலும் மரத்துப்போனவருக்குத் தோல் சுடுவதே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, இன்னொருவர் பஞ்சால் தொடும் இடத்தைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் கருவியை எடுத்து வைத்துவிட்டுப் பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள்.

தொப்பை கரைக்கும் மின்சாரப் பட்டையை இடுப்பில் கட்டலாமா என்று கேட்பார்கள். கொழுப்பு அதனால் கரையாது. அப்படி விளம்பரம் செய்த நிறுவனங்கள்மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2002-லேயே வழக்குத் தொடுத்தது. உடல் முழுவதும் அணியும் மின்னுடையில் ஆபத்து வேறு. முதல் நாளே அளவைக் கூட்டினால் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். மறுநாள் சிறுநீர் கோப்பி ஓ நிறத்தில் போனால் காத்திருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

மருத்துவக் கருவி என்று சொல்லி விற்பதை வாங்குமுன், சுகாதார அறிவியல் ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். பட்டையைக் கழற்றுமுன் கருவியை அணையுங்கள். பிறகு அதன் பிளாஸ்டிக் தாளிலேயே ஒட்டி வையுங்கள். பசை போனதும் தயங்காமல் வீசிவிடுங்கள். ஒருவர் பட்டையை இன்னொருவர் ஒட்டிக்கொள்வதும் வேண்டாம்.

தோ பாயோ பெரியவர் தைலத்தை விடவில்லை. கருவி வேலையைக் காலையில் முடித்துவிட்டு, இரவு படுக்கும்போது தேய்த்துக்கொள்கிறார்.