புகாரில் எந்தச் சொல்லை எழுதுவது?

(ஜவுளிக்கடைப் பணியாளர்களின் மகளிர் நாள் கூட்டத்தில் பேசியது)

விழாத் தலைவர் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பந்தல் செலவை ஏற்றுக்கொண்ட வணிகர் சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, வேலைக்கு நடுவே வந்திருக்கும் மகளிர் காவல் நிலைய ஆய்வாளர் அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசிய வழக்கறிஞர் அம்மா அவர்களே, கடை மூடியதும் சாப்பிடக்கூடப் போகாமல் வந்திருக்கிற தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். அண்ணாச்சி எனக்குப் போர்த்திய பொன்னாடையை, முதல் வரிசையில் இருக்கும் மூத்த பணியாளர் அக்காவுக்குப் போர்த்த அனுமதி கேட்கிறேன்.

சொல், சட்டம், பள்ளிப் பாடம் என்று மூன்று செய்திகள் பேச வந்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். பெண்களுக்கு நடக்கும் கொடுமைக்கு நாம் வைத்திருக்கும் சொற்களில் பாதி அந்தச் சோறுதான். சில்மிஷம், சீண்டல், கேலி, ஈவ் டீசிங். செய்தித்தாளில் 'பஸ்சில் சில்மிஷம்' என்று போட்டால் படிக்கிறவன் சிரிக்கிறான். 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவியின் உயிரையே பறித்தது அந்தக் 'கேலி'. அதன்பிறகு தமிழ்நாட்டில் வந்த சட்டத்துக்கும் முதலில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் என்றுதான் பெயர், பின்னால்தான் மாற்றினார்கள். 'கற்பழிப்பு' இன்னும் மோசம். குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, அவளிடம் எதுவோ அழிந்துவிட்டது என்கிறது. வன்புணர்வு என்று சொல்லுங்கள். 'வன்கொடுமை' கனமான சொல். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான கொடுமைகளுக்கான 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் இருப்பது. அதையே எல்லாவற்றுக்கும் போட்டால் என்ன நடந்ததென்றே தெரியாமல் போகிறது.

ஒரு ஊரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். சுடிதார் பிரிவில் ஒரு தங்கை. மாடி குடோனில் ஏணி போட்டுப் பண்டல் எடுக்கும்போதெல்லாம், ஏணியைப் பிடிக்கிறேன் என்று சூப்பர்வைசர் வந்துவிடுவான். கை ஏணியில் இருக்காது, அவள் காலில் இருக்கும். இறங்கினால் வழிவிட மாட்டான். "என்னைக் கவனிச்சுக்கோ, இன்சென்டிவ் கூட்டித் தர்றேன்" என்பான். அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: 'ஐயா, சூப்பர்வைசர் சார் எனக்கு மிகவும் தொந்தரவு கொடுக்கிறார்.' மேனேஜர் படித்துவிட்டு, "வேலை வாங்கினா தொந்தரவாம்மா?" என்று கேட்டு, அவளைப் பாவாடைத் துணிப் பிரிவுக்கு மாற்றினார். அந்தப் பிரிவுக்கும் சூப்பர்வைசர் அவன்தான்! தீபாவளி சீசன் வேறு. வீட்டில் சொன்னால் வேலையை விடு என்பார்கள். தம்பியின் படிப்பே அவள் சம்பளத்தில்தான். விடுதியில் கூட இருந்த அக்கா ஒருவர் என்னிடம் அழைத்து வந்தார். மறுபடி எழுதினோம். என்ன தேதி, எந்த மாடி, கை எங்கே பட்டது, என்ன சொன்னான் என்று சொன்னது சொன்னபடியே எழுதினோம். கடைசி வரியில், 'இது பாலியல் துன்புறுத்தல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாளைப் படித்த பிறகு மேனேஜருக்கு வாய் வரவில்லை. சோற்றை ஒதுக்கினால் பூசணிக்காய் தெரியத்தானே செய்யும்!

சரி, சட்டத்துக்கு வருகிறேன். வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க, 1997இல் உச்ச நீதிமன்றம் தந்த விசாகா தீர்ப்பின் வழியில் வந்தது 2013ஆம் ஆண்டுச் சட்டம். பத்துப் பேர் வேலை செய்கிற இடம் என்றால் உள்ளகப் புகார்க் குழு வேண்டும். அதற்குத் தலைவர் பெண்தான். மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் தர வேண்டும். எழுத வரவில்லையா? எழுத உதவுவது குழுவின் கடமை, சட்டத்திலேயே இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான கடையா, முதலாளி மீதே புகாரா, மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது. குழு அமைத்த உத்தரவைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். நம் பஜாரில் எத்தனை கடைகளில் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? பேப்பரில் குழு, சுவரில் ஒன்றுமில்லை. இதுவும் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். கடையில் உட்கார நாற்காலி வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. நாற்காலி வந்ததுபோல் குழு விவரம் எழுதிய பலகையும் வர வேண்டும்.

பள்ளிப் பாடம் பற்றிப் பேச இன்று நேரமில்லை. ஆய்வாளர் அவர்கள் பேசிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

அண்ணாச்சி அவர்களே, உங்கள் கடையிலிருந்தே தொடங்குங்கள். வருகைப் பதிவேடு வைத்திருக்கும் மேசைக்கு மேலே, தமிழில், குழுவினர் பெயரும் போன் நம்பரும் போட்டு ஒரு பலகை. வாசகத்தை எழுதி எடுத்து வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் தருகிறேன். நன்றி, வணக்கம்.