மத்தியான கரண்ட், சாயங்கால கரண்ட்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் மின்சாரத்தைக் குறைப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நெய்வேலியிலிருந்தே தொடங்குகிறேன். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கும் புதுவைக்காரர்களுக்கும் கரண்ட் எங்கிருந்தோ வருகிற பொருள் இல்லை. வடலூரைத் தாண்டினால் புகைபோக்கிகள் கண்ணில் படுகின்றன. ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கறுப்புப் பொருள்தான், அதாவது பழுப்பு நிலக்கரிதான், பின்னால் இவ்வளவு பெரிய சுரங்கமாக ஆனது. 1956இல் அதைத் தோண்டி மின்சாரம் எடுக்க என்.எல்.சி. நிறுவனம் வந்தது, 1962இல் முதல் மின்சாரம் வந்தது.

ஒரு யூனிட் கரண்ட் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும். அந்த ஒரு கிலோவை எடுக்க, அதைப்போல் பல மடங்கு மண்ணை மேலிருந்து வாரிக் கொட்ட வேண்டும். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் சுரங்கத்துக்குள் பொங்கிவிடாமல் இருக்க, இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விளைநிலத்தையும் குடியிருந்த ஊரையும் கொடுத்துவிட்டுப் போனவர்கள் நம்முடைய மாவட்டத்துக்காரர்கள். அதனால் வீணாகப் போகிற ஒரு யூனிட்டை வெறும் பணக்கணக்காக என்னால் பார்க்க முடியவில்லை.

பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. எல்லா யூனிட்டும் ஒன்றில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு எடுக்கிற யூனிட் வேறு, இரவு எட்டு மணிக்கு எடுக்கிற யூனிட் வேறு. தமிழ்நாட்டில் இன்று சூரிய மின்சாரம் நிறையவே இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் மட்டும் 648 மெகாவாட் நிலையம் 2016இல் வந்தது. மே முதல் செப்டம்பர் வரை தென்கோடியில் முப்பந்தல், கயத்தாறு பக்கம் காற்றாலைகள் நன்றாகச் சுற்றும். ஆனால் சூரியன் சாய்ந்ததும் அந்தப் பெரிய பங்கு அப்படியே இல்லாமல் போகிறது. சரியாக அந்த நேரத்தில்தான் நாம் வீட்டுக்குத் திரும்பி லைட், ஃபேன், டிவி, ஏசி, மோட்டார் எல்லாவற்றையும் போடுகிறோம். ஆறு மணி முதல் பத்து மணி வரை அந்த ஏற்றத்தைத் தாங்குவதில் பெரும்பங்கு நிலக்கரிக்குத்தான்.

ஆகவே, தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் இவற்றை வெயில் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் மோட்டார் ஓடுவது காலை பத்துக்கு ஓடினாலும் இரவு எட்டுக்கு ஓடினாலும் உங்கள் பில்லில் ஒன்றாகவே தெரியலாம். சுரங்கத்துக்கு ஒன்றில்லை. வேலைக்குப் போகிறவர்கள் தினமும் சட்டை தேய்ப்பதை விட்டு, ஞாயிறு மத்தியானம் வாரத்துக்கும் சேர்த்துத் தேய்த்துவிடலாம்.

அடுத்தது ஃபேன். ஏசியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு ஃபேனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபேன் நிற்கிற நேரமே குறைவு. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது பி.எல்.டி.சி. ஃபேன், அதாவது குறைந்த கரண்ட்டில் ஓடும் புது வகை மோட்டார் வைத்த ஃபேன், என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள், அது 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கே சுமார் 43 யூனிட் குறையும். மூன்று ஃபேன் என்றால் 130 யூனிட், அதாவது நூற்றுமுப்பது கிலோ நிலக்கரி. விலை கொஞ்சம் கூடுதல்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை, ராத்திரி முழுவதும் ஓடுகிற ஃபேனை முதலில் மாற்றுங்கள். அப்புறம், சுவரில் பெரிய பெட்டி மாதிரி பழைய ரெகுலேட்டர் இருந்தால் கையை வைத்துப் பாருங்கள். சுடும். வேகத்தைக் குறைத்தால் மிச்சமாக வேண்டிய கரண்ட் அங்கே சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது.

ஏசி இருக்கிற வீடுகளில் 24 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனையும் போடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம். மாடி வீட்டில் ராத்திரி அனல் அடிப்பதற்குக் காரணம் காங்கிரீட் தளம் பகலில் குடித்த வெயில். சித்திரைக்கு முன்னால் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்போ வெள்ளைப் பூச்சோ அடித்துவிட்டால் அறைக்குள் வித்தியாசம் தெரியும். கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று வருகிறது. கிழக்கு ஜன்னலைத் திறந்து, எதிர்ப்பக்கத்திலும் ஒன்றைத் திறந்து வையுங்கள்.

மீட்டர் பெட்டியில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். அப்போதும் மின்னினால் எங்கோ கசிகிறது, அல்லது செட்டாப் பாக்ஸ் மாதிரி எதையோ ரிமோட்டில் மட்டும் அணைத்திருக்கிறோம். கசிவாக இருக்கலாம் என்று தோன்றினால் நீங்களே பிரித்துப் பார்க்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இனி கூரையில் சோலார். 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கு மொத்தம் 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி போதும். நாளுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும். நிழல் என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும், சேர்த்து இணைத்திருக்கிற மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையலாம்.

நம் கடற்கரைக்கென்று இன்னும் இரண்டு விஷயம். உப்புக்காற்றில் சாதாரண இரும்புச் சட்டம் சீக்கிரம் துருப்பிடிக்கும். நன்றாகத் துத்தநாகம் பூசிய சட்டமா, அலுமினியமா என்று கேளுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரிலும் புதுவையிலும் என்ன செய்தது என்று அனுபவித்தவர்கள் நாம். பேனலைத் தூணோடு இறுக்குகிற போல்ட்டும், தூண் தளத்தில் பதிந்திருக்கிற விதமும் அந்தக் காற்றைத் தாங்குமா என்பதை விலைக்கு முன்னால் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நெட் மீட்டரோடு, அதாவது நாம் லைனிலிருந்து எடுப்பதையும் லைனுக்குக் கொடுப்பதையும் கணக்கிடும் மீட்டரோடு, இணைத்த சாதாரண சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. புயலுக்குப் பிறகும் இரண்டு லைட், ஒரு ஃபேன் ஓட வேண்டும் என்று நினைத்தால், பேட்டரி சேர்த்து ஓடுகிற இன்வெர்ட்டர் வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லி, கொட்டேஷனில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.